பின்பக்கப் படிக்கட்டு

பழைய அறிவியல் கட்டடத்தைச் சீரமைக்கும் பொறுப்பு பொறியாளர் அஃப்சானாவிடம் வந்தபோது, குவாலா சிலாங்கூரில் உணவகம் நடத்தும் அவளுடைய அத்தா, மகளைப் பற்றிக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். பல்கலைக்கழகத்திலேயே மின்சாரத்தை அதிகம் தின்ற கட்டடம் அது. கூரைக்கு அடியில் வெப்பத்தடுப்பு போட்டாள். வெயில் அடிக்கும் மேற்குச் சன்னல்களை அடைத்தாள். ஆள் அசைந்தால் மட்டும் எரியும் விளக்குகளை மாட்டினாள். அப்படியும் மேலிடம் கேட்ட அளவுக்கு மின்சாரம் மிச்சமாகவில்லை. அதனால் விளக்குகள் இன்னும் சீக்கிரம் அணையும்படி மாற்றினாள். சன்னல் அடைபட்ட பின்பக்கப் படிக்கட்டு பகலிலும் இருட்டு என்று அவளுக்குத் தெரியும். அங்கே யார் போய் நிற்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டாள்.

துப்புரவு வேலை செய்யும் நாகமணி நின்றாள். ஒரு காலையில் படியில் ஒட்டியிருந்த சூயிங்கத்தை ஒரே இடத்தில் குந்தி, கை மட்டும் அசையச் சுரண்டிக்கொண்டிருந்தபோது விளக்கு அணைந்தது. இருட்டில் எழப்போய்த் தடுமாறி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. கவனக்குறைவு என்று சொல்லித் துப்புரவு நிறுவனம் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டது.

அஃப்சானா பழங்கள் வாங்கிக்கொண்டு ஈஜோக்கில் இருந்த அவள் வீட்டுக்குப் போனாள். உண்மையைச் சொல்லத்தான் போனாள். நாகமணியோ படுத்தபடியே, எல்லாம் தன் தப்புதான், கண் முன்போலத் தெரிவதில்லை என்று இவளிடம் வருத்தப்பட்டாள். வேலையைத் திரும்ப வாங்கித் தர முடியுமா என்றும் கேட்டாள். அஃப்சானா சொல்ல வந்ததைச் சொல்லாமலே தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டாள். மன்னிப்பு கேட்கப் போய், அவளை மன்னிப்பு கேட்க வைத்துவிட்டு வருகிறோமே என்று காரில் உட்கார்ந்ததும் தோன்றியது.

அடுத்த மாதக் கூட்டத்தில் எல்லாரும் அவளைப் பாராட்டினார்கள். மற்றக் கட்டடங்களிலும் இப்படியே செய்யலாம் என்றார் மேலாளர் திவாகரன். அதற்குமேல் அவளால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. எழுந்து, நடந்ததைச் சொன்னாள். எல்லார் முன்னாலும் சொல்லியிருக்க வேண்டாம் என்று திவாகரன் பிறகு தனியே கூப்பிட்டுக் கடிந்துகொண்டார். ஆனாலும் படிக்கட்டு விளக்கு சரிசெய்யப்பட்டது. நாகமணிமேல் இருந்த பழி நீங்கி, வேலையும் திரும்பக் கிடைத்தது.

அதைச் சொல்ல அஃப்சானா மறுபடி ஈஜோக் போனாள். இந்தத் தடவை எதையும் மறைக்கவில்லை.

நாகமணி கைத்தடியை மடியில் வைத்தபடி கேட்டாள்.

"போன தடவை வந்தப்பவே உங்களுக்குத் தெரியுமா மிஸ்?"

"தெரியும்க்கா."

"நான் என்னையே திட்டிக்கிட்டுக் கெடந்தேன். என் மவனும் திட்டுனான். நீங்க கேட்டுக்கிட்டுத்தானே உக்காந்திருந்தீங்க?"

நாகமணி கைத்தடியை ஊன்றி எழுந்து அடுப்படிக்குப் போனாள். தேத்தண்ணீர் கலக்கத்தான் போகிறாளோ என்று இவள் காத்திருந்தாள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. போனவள் திரும்பி வரவுமில்லை. கடைசியில் அஃப்சானா தானே கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தாள்.