மூடியில் வைத்த பொட்டு

“பிள்ளை, உந்த மட்டையை ஏன் மாத்தி மாத்தி வைக்கிறாய்?” என்று கிறிஸ்ரோபர் அண்ணை ஒருமுறை என்னிடம் கேட்டார். நான் மட்டையோடு அடுப்படிக்குள் ஓடிவிட்டேன்.

அவர் குருநகர்க்காரர், படகு எஞ்சின் திருத்துகிறவர். பதினேழு வருடமாக எங்கள் கொட்டிலில் துருப்பிடித்துக் கிடந்த அப்பாவின் உழவு இயந்திரத்தை இந்த வருடம் மறுபடி ஓட வைத்தவர். ஓடியது. ஆனால் எஞ்சினும் கியர்ப்பெட்டியும் பொருந்தும் இடத்தின் அடியால் எண்ணெய் ஒழுகியது. அங்கே எண்ணெயை அடைத்து நிற்கிற ‘சீல்’ என்ற ரப்பர் வளையத்தை மாற்றுவதென்றால் இயந்திரத்தையே இரண்டாகப் பிரிக்க வேண்டும். அவர் இரண்டு தரம் பிரித்து இரண்டு புதுச் சீல் போட்டார். இரண்டு தரமும் ஒழுகியது.

“ஐயா, எஞ்சினிலை வெடிப்பு இருக்குப் போலை. என்னாலை ஏலாது,” என்றார்.

என் அப்பா ஏரம்பு என்றால் உரும்பிராயில் பெரிய வாய்க்காரர். அன்று அந்த வாய் அடங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை வரும்படி பழைய இரும்பு வாங்கும் லொறிக்காரருக்குச் சொல்லிவிட்டார்.

எண்ணெய் எப்போது சொட்டுகிறதென்று பார்க்க நான் இயந்திரத்தின் கீழே வைத்து எடுத்த பெட்டி மட்டைகள் வேறு கதை சொல்லின. எஞ்சின் நிற்கும்போது ஒரு சொட்டும் இல்லை. ஓடத் தொடங்கிக் கால் மணித்தியாலம் வரை இல்லை. சூடேறிய பிறகுதான் சொட்டியது. வேகம் கூட்டினால் கொட்டியது. வெடிப்பு என்றால் நிற்கும்போதும் கசிய வேண்டாமா?

வியாழக்கிழமை பிட்டு அவித்தேன். பானைமேல் வைக்கிற பனையோலை நீற்றுப்பெட்டிக்குள் மாவை இறுக்கி அடைத்துவிட்டேன் போல. ஆவி மேலே வரவில்லை. பானை வாயில் சுற்றியிருந்த துணியைத் தள்ளிக்கொண்டு பக்கத்தால் சீறியது. பிட்டை அப்படியே விட்டுவிட்டுக் கொட்டிலுக்குப் போனேன்.

எஞ்சினின் உச்சியில் எண்ணெய் ஊற்றும் வட்ட மூடி இருக்கிறது. நெற்றி மாதிரி இருக்கிறதென்று அம்மா வெள்ளிக்கு வெள்ளி அதில்தான் சந்தனமும் குங்குமமும் வைப்பார். இயந்திரம் ஓடாத வருடங்களிலும் வைத்தார். மூடியைக் கழற்றித் திருப்பினேன். உட்பக்கம் வரிசையாகத் துளைகள். வெளிப்பக்கம் ஒரு துளையும் தெரியவில்லை, சந்தனம் சீமெந்து போல இறுகியிருந்தது. எஞ்சின் மூச்சுவிட இருந்த வழி அது.

வெள்ளி காலை லொறிக்காரர் கயிறும் பலகையுமாக இறங்கினார். ஏற்ற உதவிக்குக் கிறிஸ்ரோபர் அண்ணையும் வந்திருந்தார். நான் அப்பாவின் முன்னால் போய் நின்றேன்.

“அப்பா, ஒருக்கா ஸ்ராட் பண்ணுங்கோ.”

“ஏன், பிரியாவிடையோ?”

“மூடித் துளையளைப் பொட்டு அடைச்சிட்டுது. மண்ணெண்ணெய் விட்டு ஊசியாலை எடுத்தனான். உள்ளுக்கை காத்து முட்டித்தான் எண்ணெய் சீலைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கு.”

அவ்வளவு நீளமாக நான் யாருடனும் கதைத்ததில்லை.

கிறிஸ்ரோபர் அண்ணை நெற்றியில் அடித்துக்கொண்டார். “முழு எஞ்சினையும் கழுவினனான் ஐயா, அதை மட்டும் தொடேல்லை! உங்கடை சாமிப் பொட்டு. சேர்ச்சுக்குப் போற வேதக்காரன் நான் சுரண்டினால் என்ன நினைப்பியளோ எண்டு சுத்திவரத் துடைச்சுப்போட்டு விட்டனான்.”

“ஐயோ, அப்ப நானோ மூக்கைப் பொத்தினது?” என்றார் அம்மா.

“பொத்தினது நீ. காவல் நிண்டது உவர்,” என்றார் அப்பா.

ஒரு மணித்தியாலம் ஓட விட்டோம். எஞ்சின் கொதித்தது. வேகத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தார்கள். நான் குனிந்து மட்டையை இழுத்தெடுத்தேன். ஒரு சொட்டு இல்லை. கிறிஸ்ரோபர் அண்ணை அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார், மணந்தும் பார்த்தார். பிறகு எஞ்சினின் அடியை விரலால் தடவி, காய்ந்த விரலை எல்லாருக்கும் காட்டினார்.

அப்பாவுக்கு வாய் திரும்பி வந்தது. “கண்டியளோ, லொறிக்காரர்! பத்தாம் வகுப்போடை நிண்டது எண்டு ஊர் கதைக்கிற என்ரை பிள்ளை! ரெண்டு தரம் மிசினைப் பிளந்தும் பிடிபடாததை ஒரு ஊசியாலை எடுத்திட்டாள்!”

என் கைகள் மண்ணெண்ணெய் மணத்தன. அவற்றை மறைக்கத் தோன்றவில்லை.

லொறிக்காரர் மட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கயிற்றைச் சுருட்டி லொறிக்குள் எறிந்தார். வெறும் லொறியோடு போய்விட்டார்.