கல் வந்த வழி

ரவாங்கை அடுத்த கித்தா என்னும் ரப்பர்த் தோட்டமொன்றில் வடிகால் வெட்டியபோது, பலகைக் கற்களால் சுவரெழுப்பிய பழங்காலப் புதைகுழி ஒன்று வெளிப்பட்டது. அதன் ஒரு பக்கச் சுவரை மட்டும் காணவில்லை. அக்கம்பக்கத்தில் அவ்வகைக் கல்லே கிடையாது. ஆகவே, அது எந்த மலையிலிருந்து கொண்டுவரப்பட்டது என்று கண்டறியும் பொறுப்பு, கோலாலம்பூர் அருங்காட்சிசாலைச் சிப்பந்தியாகிய வேலாயுதத்தின் தலையில் விழுந்தது. கண்டுபிடித்தால் ஆபீசிலேயே நாற்காலி வேலை என்று அருங்காட்சிசாலைத் துரை வாக்களித்திருந்தார். பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் மனைவி தனலெட்சுமி காய்ச்சித் தரும் எந்தத் தைலத்துக்கும் மசியாத முழங்கால் வீக்கத்தோடு, குழிக்கல்லின் துண்டொன்றைப் பையிலிட்டுக்கொண்டு, அவர் ஓடை ஓடையாக ஏறி இறங்கினார்.

அன்று, ஓடைக்கரை மரத்தடியில் அதே சாம்பல் நிறம்! அதே மினுமினுப்பு! பலகைக் கற்கள் மண்ணிலிருந்து நிமிர்ந்து நின்றன. ஆபீஸ் நாற்காலி கண்ணெதிரே வந்து நின்றது போலிருந்தது. ஒரு கல்லைக் கழுவினார். மஞ்சள் கரைந்து ஓடியது.

“யோவ்! கன்னிமாரை என்னய்யா பண்றே?”

கித்தாப் பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தாள், தோட்டத்தில் பால்மரம் சீவும் மாரியாயி.

“கல்லு எங்கேம்மா கெடச்சுது?”

“வடிகால் பள்ளத்துலதான். ஏழு கன்னிமாருக்கு ஏழு கல்லு வேணுமே! துரை வந்து பாக்கறதுக்குள்ள எங்க வீட்டுக்காரரு கட்டவண்டியில ஏத்தியாந்துட்டாரு.”

“அடப் பாவிகளா! அது பொணக்குழிக் கல்லு!”

“இருந்துட்டுப் போவட்டும். பொங்கல் வச்சாச்சு, இனிமே சாமிதான்.” பையில் துருத்திய சுத்தியலைக் கண்டதும் அவள் குரல் தாழ்ந்தது. “எடுத்துக்கிட்டுப் போயிருவீங்களாண்ணே?”

வேலாயுதம் அப்படியே தரையில் அமர்ந்தார். கல்லின் பிறப்பிடம் இதுவே என்று பொய் சொன்னால் துரை உளியோடு வருவார். உண்மையைச் சொன்னால் வண்டியோடு வருவார். ஒன்றும் அகப்படவில்லை என்றாலோ, நாற்காலி போயிற்று.

சுத்தியலைப் பைக்குள் ஆழத் தள்ளி மூடினார்.

“மஞ்சள் வச்சிருக்கியா?”

முந்தானை முடிச்சிலிருந்து அவள் எடுத்துத் தந்ததைக் குழைத்து, தாம் கழுவிய கல்லில் மீண்டும் பூசினார். பின்னர் மரத்தைப் பற்றிக்கொண்டு எழுந்தார்.

“இந்தக் காலோட மேல எங்கண்ணே போறீங்க?”

“எங்கேயாச்சும் பொறந்துதானே இருக்கணும் இந்தக் கல்லு” என்று முனகியவாறு, ஓடை வரும் திசையில் நடந்தார்.