வெள்ளைக் கோடு போட்ட ஒயர்

நாலு மணிக்கு மகள் வருகிறாள். வந்ததும் என்ன கேட்பாள் என்று தையல்காரம்மாவுக்குத் தெரியும். "கேட்டியாம்மா?" என்பாள்.

போன தடவை அதற்கு, "நல்லா இருந்துச்சு கண்ணு" என்று சொல்லிவிட்டாள். மகள் அம்மாவின் தோளில் ஒட்டிக்கிடந்த நூலை எடுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனாள். பொய் என்று தெரிந்து போயிருந்தது. இந்தத் தடவை பொய் சொல்லக் கூடாது. அதற்கு, மகள் பதிவு செய்து கொடுத்த பாட்டை ஒரே ஒரு தடவையாவது நிஜமாகக் கேட்டாக வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன் வந்த காய்ச்சல் அவளுடைய காதின் மேல்மாடியை மட்டும் பெருக்கி எடுத்துக்கொண்டு போய்விட்டது. அழைப்பு மணி, குருவி, குக்கரின் விசில் என்று கீச்சுச் சத்தங்கள் எல்லாம் போயின. பேச்சை உதடு பார்த்துப் பிடிப்பாள். அடித்தளத்தில் கிடந்த சத்தங்கள் மட்டும் மிச்சம்: தெருவில் போகும் லாரி, தையல் மெஷினின் மோட்டார், கணவரின் இருமல். மகள் ஒரு பாட்டுக் குழுவில், அடிச்சத்தம் மட்டும் எழுப்பும் பேஸ் கிட்டார் வாசிக்கிறாள். "பாட்டுக்குத் தரை போடுற வேலைம்மா" என்பாள். முழுப் பாட்டிலும் அம்மாவின் காதுக்கு எட்டக்கூடியது மகளின் பங்கு ஒன்றுதான். வீட்டில் இருந்த பழைய பாட்டுப் பெட்டிக்கு அது மட்டும்தான் வராது.

அதனால்தான் லிஃப்ட் மெக்கானிக்கான கணவர் இருநூறு வாட் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு வந்தார். மேடைகளுக்கு மைக் செட் போடும் அவள் தம்பி, ஸ்பீக்கர் இரண்டைக் கொண்டுவந்தான்.

"வலது ஸ்பீக்கர்ல நான் மாட்டுறேன். நீ தொடாதே மாப்ள" என்றார் கணவர்.

"தொடலை மாமா. இடது ஸ்பீக்கர்ல நீங்க கை வைக்காதீங்க, அது போதும்."

மாட்டி முடித்தார்கள். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில், சுவரைப் பார்த்தபடி அவளுக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். பாட்டு ஓடியது. அவள் கண்ணை மூடினாள். இருட்டில் ஒரு பெரிய குளம், அதில் தண்ணீரே இல்லை.

"வருதா?" என்றார் கணவர், தோளைத் தட்டி.

அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"இன்னும் ஏத்துறேன். இருநூறு வாட் சும்மாவா!"

"மாமா, பழசு இருபது, புதுசு இருநூறு. வாட் பத்து மடங்கு ஏறினா காதுக்கு ரெண்டு மடங்கா கேட்டாலே அதிகம். வாட்டுங்கிறது தள்ளுற பலம். அடியில எவ்வளவு தூரம் இறங்க முடியும்னு ஸ்பீக்கர்தான் சொல்லணும்."

"சரி, உன் ஸ்பீக்கர் என்ன சொல்லுது?"

தம்பி அட்டைப்பெட்டியில் ஒட்டியிருந்த தாளைப் படித்தான். "நாப்பத்தஞ்சு ஹெர்ட்ஸ், நொடிக்கு நாப்பத்தஞ்சு அதிர்வு வரைக்கும் அடியில இறங்கும். பாப்பாவோட கிட்டார்ல தடிச்ச கம்பியே நாப்பத்தொண்ணுதான். அந்த ஒரு சுரம் கொஞ்சம் மெலியும். மத்ததெல்லாம் வரணும். ஒரு வாட்டுக்கே நல்லாப் பேசுற ஸ்பீக்கர் மாமா இது, கத்த வைக்க வேண்டியதில்ல."

"பேசுதாம்! உங்கக்கா முகத்தைப் பாரு. ஆறரை இன்ச் ஸ்பீக்கர் தட்டை வச்சுக்கிட்டு கதை அளக்குறான்."

"லிஃப்ட் சின்னதா இருந்தா மேல ஏறாதா?"

"ஏறும். ஆனா பத்து பேரை ஏத்தாது!"

கணவர் குமிழைக் கடைசிவரை திருகினார். ஜன்னல் கண்ணாடி உதறியது. ஆம்ப்ளிஃபயரில் சிவப்பு விளக்கு எரிந்தது. சத்தம் பட்டென்று நின்றது.

"போச்சா?"

"போகலை. உங்க கிட்ட இருந்து தப்பிக்கத் தானா வாயை மூடிக்கிச்சு."

அவர்கள் சண்டை போடுகிற உதடுகளைப் பார்க்க அவளுக்குச் சலிப்பாக இருந்தது. மணி மூன்றைத் தாண்டியிருந்தது. தம்பி மெதுவாக மறுபடி ஓட விட்டபோது அவள் எழுந்து சும்மா நடந்தாள். வலது ஸ்பீக்கர் பக்கம் நாலு அடி வைத்ததும் உள்ளங்காலில் ஏதோ ஊர்ந்தது. இன்னும் கிட்டே போனாள். விலா எலும்புக்குள் வெதுவெதுப்பாக ஒன்று புரண்டது. மீன் மாதிரி, ரொம்பப் பெரிய மீன் மாதிரி. அவள் அசையாமல் நின்றாள். பிறகு இடது பக்கம் போனாள். அங்கேயும் அந்த மீன் வந்தது. நாற்காலிக்குத் திரும்பினால் குளம் வற்றிப்போனது.

மூன்று தடவை போய்ப்போய் வந்தாள். அறை மிதப்பது போல இருந்தது.

"என்னம்மா, தூக்கத்துல நடக்குறியா?" என்றார் கணவர்.

"அங்க இருக்கு. இங்கயும் இருக்கு. நடுவுல வந்தா ரெண்டும் சேர்ந்து இல்லாமப் போயிடுது. துணியில நல்ல பக்கமும் கெட்ட பக்கமும் மாத்தி வச்சுத் தச்ச மாதிரி. நீங்க ரெண்டு பேரும் ஒயரை எப்படி மாட்டுனீங்க?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"வெள்ளைக் கோடு போட்ட ஒயர் மைனஸ். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆம்ப்ளிஃபயர் முனையில ரெண்டு ஸ்பீக்கர் ஒயரையும் நான்தான் அப்படி மாட்டினேன்" என்றார் கணவர்.

"எங்க வேலையில கோடு போட்டது பிளஸ். இடது ஸ்பீக்கர்ல அப்படித்தான் மாட்டினேன்" என்றான் தம்பி. குரல் பாதியிலேயே இறங்கிவிட்டது.

அவன் டார்ச்சிலிருந்து ஒரு பேட்டரியை எடுத்தான். ஆம்ப்ளிஃபயர் பக்கம் ஒயர்களைக் கழற்றி, கோடு போட்டதைப் பேட்டரியின் மைனஸிலும் மற்றதைப் பிளஸிலும் வைத்துத் தொட்டான். வலது ஸ்பீக்கரின் தட்டு வெளியே எட்டிப் பார்த்தது. இடது பக்கம் அதே மாதிரி தொட்டான். தட்டு உள்ளே போனது.

"ஒண்ணு காத்தைத் தள்ளுது, இன்னொண்ணு அதையே இழுக்குது" என்றான் தம்பி. "அடிச்சத்தம் நடுவுலயே ஒண்ணையொண்ணு தின்னு தீர்ந்துடுது. என் தப்புதான் மாமா."

"கேட்காம மாட்டினது நானும்தானே. மாத்து, மாத்து. மணி ஆகுது."

இரண்டு நிமிட வேலை. குமிழ் கால்வாசியில் இருந்தது. அதற்கு மேல் யாரும் திருகவில்லை.

குளம் நிறைந்தது. முதலில் கணுக்கால், பிறகு முழங்கால், பிறகு நாற்காலியோடு அவளையே தூக்கிக்கொண்டது. பாடுகிறவனும் தாளம் போடுகிறவனும் எங்கேயோ கரையில் இருந்தார்கள், அவளுக்குக் கேட்கவில்லை. தண்ணீருக்கடியில் மகள் மட்டும் நடந்துகொண்டிருந்தாள். அது மகளின் நடைதான். மாடிப்படி இறங்கும்போது கடைசிப் படியில் ஒரு நொடி நிற்பாளே, அது அதிலும் இருந்தது.

"அக்கா அழுவுறா மாமா."

"பேசாம இருடா."

நாலு மணிக்கு மகள் வந்தாள். கிட்டார் பையைக் கழற்றவில்லை. அம்மாவுக்கு நேராக வந்து, உதடு தெரியும்படி நின்றாள். கேட்கப் பயந்துதான் கேட்டாள்.

"கேட்டியாம்மா?"

"கேட்டேன். மூணாவது சுத்து முடியுற இடத்துல ஒரு அடி விட்டுட்டியே, ஏன்?"

மகள் பையைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

"விரல் மரத்துப் போச்சும்மா" என்றாள். "எங்க குழுவுல ஒருத்தன்கூடக் கவனிக்கலை."

"இப்படிக் குடு விரலை" என்றாள் அம்மா.