கங்கா என்று வந்த வரி

12.11.2025, புதன்.

திங்கட்கிழமை ஒரு சரிபார்ப்பைச் செய்யாமல் விட்டேன். இரண்டு நிமிட வேலை.

ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் உதிரிபாகத் தொழிற்சாலையில் போன வெள்ளிக்கிழமை பிரஸ் மெஷினில் ஒருவருக்கு மூன்று விரல்கள் போயின. அந்த விபத்தின் படத்தை உள்ளிருந்து யாரோ மெயிலில் வெளியே அனுப்பிவிட்டார்கள். அந்த நேரத்தில் மெயில் திறந்திருந்த ஏழு ஐபி முகவரிகளைக் கொடுத்து, எவை யாருடைய கம்ப்யூட்டர்கள் என்று பார்க்கச் சொன்னார் எங்கள் ஐடி பொறுப்பாளர் ஸ்ரீகிருஷ்ணா சார். முகவரிகளை ஒரு கோப்பில் போட்டு, மாலைக் கம்ப்யூட்டர் வகுப்பில் படித்த, முகவரிக்குப் பெயர் கேட்கும் வரியை அடித்தேன்:

while read ip; do host $ip; done < list.txt

எங்கள் இடத்தில் கம்ப்யூட்டருக்கு எண் கிடையாது. உட்காருபவர் பெயரையே வைப்பார்கள். அதனால் ஏழு வரிகளும் ஏழு மனிதர்களாக வந்தன. ஆறு பேர் மேல்மாடி மேனேஜர்கள். 38 என்று முடியும் முகவரிக்கு மட்டும் ganga-qc. கங்கா அக்கா, தரச் சோதனைப் பிரிவு, காண்ட்ராக்ட்.

"இன்னா அறிவு, பேர் விழுந்துச்சா?" என்றார் ஹெச்.ஆர். டில்லிபாபு சார்.

"விழுந்துச்சு சார். ஏழும்."

அவர் ஒரு வரியைத்தான் படித்தார். மற்ற ஆறு பேரை யாரும் கூப்பிடவில்லை.

நேற்று மாலை சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் கங்கா அக்கா பையோடு நின்றிருந்தார்.

"எய்தி வாங்கிக்கினாங்க, நானே வேலைய வுட்டு நின்னுக்கிறேன்னு. கம்ப்யூட்டரே சொல்லுதாம். நீதான் பாத்து குட்த்தியாமே?"

"பேர் அப்படித்தான் வந்துச்சுக்கா."

"அன்னிக்கு அந்த பிரஸ் பக்கமே போல, டீக்குக்கூட நான் எழுந்திரிக்கல. அந்த கம்ப்யூட்டருக்கு என் மேல இன்னா காண்டு, அறிவு?"

அங்கிருந்து வகுப்புக்குப் போனேன். அங்குள்ள கம்ப்யூட்டர்களை வைத்து அதே பயிற்சி. பக்கத்து நாற்காலி வசுதா சத்தமாகச் சிரித்தாள். "ஏய், இந்த மெஷினைப் போன மாசமே கழட்டிட்டாங்க. பேர் மட்டும் உசுரோட கீது பாரு!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத் திங்கட்கிழமைப் பட்டியல் ஞாபகம் வந்தது. முகவரியிலிருந்து பெயரைக் கேட்டேனே தவிர, பெயரிலிருந்து முகவரியைத் திருப்பிக் கேட்கவில்லை.

இன்று காலை கேட்டேன். ganga-qc என்றால் 71. தீபாவளிக்குப் பிறகு ரிப்பேரிலிருந்து திரும்பிய அக்காவின் கம்ப்யூட்டருக்குப் புது முகவரி கிடைத்திருக்கிறது. பழைய 38இலிருந்து அவர் பெயரை யாரும் எடுக்கவில்லை. முகவரி ஒதுக்கிய பதிவையும் பார்த்தேன். அக்டோபர் 24 முதல் 38 ஒரு மேனேஜரின் புது லேப்டாப்.

ஸ்ரீகிருஷ்ணா சாரிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தார்.

"அப்போ ஏழும் மேல்மாடியா?"

"ஆமா சார்."

"லெட்டர் வாங்கியாச்சு, அறிவு. இப்போ போய் என்ன சொல்லுவ? நான்தான் தப்பாப் பார்த்தேன்னா? நீயும் காண்ட்ராக்ட்தானே?" திரையை அவரே மூடினார்.

மதியம் முழுக்கச் சும்மா இருந்தேன். அதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

நாளை: 6.40 பஸ். ஒதுக்கீட்டுப் பதிவில் 38, 71 இரண்டு வரிகளையும் அச்செடுக்க வேண்டும். திங்கட்கிழமை நான் சரிபார்க்கவில்லை என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, எட்டு மணிக்கு டில்லிபாபு சாரிடம் கொடுக்க வேண்டும். ஒரு பிரதி கங்கா அக்காவுக்கு.