பச்சைப் பட்டை

பஸ் டிரைவருக்குக் காத்திருப்பது என்றால் வேப்பங்காய். அவர் மனைவியோ ஃபேனைத் துடைக்கிறேன் என்று ஸ்டூலில் ஏறி விழுந்து, இடது மணிக்கட்டு புஸ்ஸென்று வீங்கிப்போய் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள். அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலிலேயே ஒரு நர்ஸ் நாடியும் பிரஷரும் பார்த்து, நல்ல கையில் பச்சைப் பட்டை கட்டினாள். உயிருக்கு ஆபத்தென்றால் சிவப்பு, கொஞ்சம் பொறுக்கலாம் என்றால் மஞ்சள், நன்றாகவே பொறுக்கலாம் என்றால் பச்சை. முதலில் வந்தவர் பின்னால் வந்தவர் கணக்கெல்லாம் அங்கே செல்லாது.

பின்னால் வந்தவர்கள் உள்ளே போகப் போக டிரைவருக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "சும்மா இருங்க" என்று மனைவி சொல்லியும் கேட்கவில்லை. நேரே நர்ஸிடம் போனார்.

"சிஸ்டர், அவளுக்கு நெஞ்சும் வலிக்குதாம்" என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டார்.

அவ்வளவுதான், பச்சை போய்ச் சிவப்பு வந்தது. "நெஞ்சுல ஒண்ணுமில்ல" என்று மனைவி சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்படிச் சொல்லும் பெண்களை அந்த நர்ஸ் நிறையப் பார்த்தவள். ஈசிஜி டெக்னீஷியன் ஒயர் மாட்டும்போதும் நம்ம ஆள் "சீக்கிரம், சீக்கிரம்" என்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.

ஈசிஜி காகிதத்தைப் பார்த்த டியூட்டி டாக்டரின் முகம் மாறியது. "இதய டாக்டரைக் கூப்பிடுங்க" என்றார்.

கரிநாக்கு என்று மனைவி டிரைவரைக் கேலி செய்வாள். நானே வாயால் வரவழைத்துவிட்டேனே பாவி என்று மனசு அடித்துக்கொண்டது. அவள் இல்லாத வீட்டை அவரால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

"டாக்டர், நான் சொன்னது பொய். கைல மட்டும்தான் அடி. எப்படியாவது அவளைக் காப்பாத்துங்க" என்று உளறிக் கொட்டினார்.

இதய டாக்டர் வந்தார். காகிதத்தைப் பார்த்தார், மனைவியின் கைகளைப் பார்த்தார். "வலது கை ஒயரை இடது கைல மாட்டியிருக்கு. சரியா மாட்டி இன்னொண்ணு எடுங்க."

டெக்னீஷியன் டிரைவரை முறைத்துவிட்டு எடுத்தார். இரண்டாவது காகிதத்தில் ஒரு கோளாறும் இல்லை.

போன உயிர் திரும்பி வந்தது டிரைவருக்கு. கண்ணைத் துடைத்துக்கொண்டார். நர்ஸ் சிவப்பைக் கத்தரித்துப் பச்சையைக் கட்டினாள்.

"இந்த நேரத்துல நிஜமாவே ஒருத்தர் நெஞ்சைப் பிடிச்சுட்டு வந்திருந்தா?" என்று கேட்டாள். "எக்ஸ்ரேவுக்கு ரொம்ப நேரமாகும்."

"எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, சிஸ்டர்."

மறுபடியும் அதே நாற்காலிகள். "நெஞ்சு வலி இப்ப எப்படி இருக்கு?" என்றாள் மனைவி.

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

"விட்டுருச்சு" என்று அவள் நல்ல கையைப் பிடித்துக்கொண்டார்.

எதிரே ஒருவர், கால் சுளுக்கிய மகளோடு வந்தவர், எழுந்து நின்று சத்தம் போட ஆரம்பித்தார். "எவ்வளவு நேரம்தான் காக்க வைப்பாங்க?"

டிரைவர் அந்த மகளின் மணிக்கட்டைப் பார்த்தார்.

"பச்சையா? குடுத்து வச்சவர் சார் நீங்க. உக்காருங்க."