கேட் திறந்துதான் இருந்தது

திங்கட்கிழமை காலை வண்டூர் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். பழைய ராணுவ முகாமின் கேட் முன்னால் முப்பது பேருக்கு மேல் வரிசையில் நின்றிருந்தார்கள். இடம் இருபதுதான்.

எங்கள் தீவில் ஆறு வருஷமாகச் சும்மா கிடந்த இந்த முகாமில் படகு ரிப்பேர் யார்டு வரப்போகிறது. பத்து மணிக்குள் வந்து ரெஜிஸ்டரில் பெயர் எழுதும் முதல் இருபது உள்ளூர்க்காரர்களுக்கு வேலை என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். நான் டீசல் மெக்கானிக். ஐடிஐ முடித்துப் பன்னிரண்டு வருஷமாக இங்கே டாலிகஞ்சில் ஸ்கூட்டருக்குப் பஞ்சர் ஒட்டுகிறேன். வேறு வழியில்லாமல் சென்னையில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு வருவதாகச் சொல்லி, வருகிற வெள்ளிக்கிழமை கப்பலுக்கு டிக்கெட்டும் எடுத்தாயிற்று. டிக்கெட் எடுத்ததிலிருந்து மூன்று நாளாக என் மகள் அகிலா என்னோடு பேசவில்லை. இந்த வேலை கிடைத்தால் நான் கப்பல் ஏற வேண்டாம்.

வரிசையின் கடைசியில் போய் நின்றேன். அரைமணி நேரம் ஆகியும் ஓர் அடி நகரவில்லை. எட்டிப் பார்த்தேன். கேட்டின் இரண்டு கதவுகளும் அகலத் திறந்திருந்தன. வாசலுக்குக் குறுக்கே தரையில் பழைய வெள்ளைக்கோடு. காவல் கூண்டில் ஆள் இல்லை. ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. முப்பது பேரும் தீவுவாசி என்று காட்டும் ஐலேண்டர் கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த நாயின் முன்னால் நின்றிருந்தார்கள்!

எனக்குக் கோபம் வந்தால் கால் சும்மா நிற்காது. நேராக முன்னால் போனேன். முதல் ஆள் எங்கள் தெரு நாகலிங்கம் அண்ணன். இதே முகாமில் இருபது வருஷம் புல் வெட்டியவர். இப்போது படகுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்.

"என்னண்ணே, கேட் திறந்துதானே கிடக்கு? உள்ள போக வேண்டியதுதானே?"

"பாஸ் குடுக்க ஆள் வரணும் தங்கச்சி. பாஸ் இல்லாம அந்த வெள்ளைக்கோட்டத் தாண்டக் கூடாது."

"யாரு குடுப்பா? இந்த நாயா?"

"அரே, சும்மா இரு. ராணுவம் இருந்தப்ப ஒரு நாள் பாஸை வீட்டுல வச்சுட்டு வந்துட்டேன். சாயங்காலம் வரைக்கும் இங்கயே உக்கார வச்சுட்டாங்க."

மணி ஒன்பது ஐம்பது. "நீங்க நில்லுங்க, நான் போறேன்" என்று காலை எடுத்து வைத்தேன். பொய் சொல்வானேன், வெள்ளைக்கோட்டின் முன்னால் என் காலும் ஒரு நொடி நின்றது. சின்ன வயதில் இந்தப் பக்கம் பஸ் போனால் நாங்கள் சத்தமாகச் சிரிக்கக்கூட மாட்டோம். அந்தப் பயத்தைத் திட்டிக்கொண்டே தாண்டினேன். ஒன்றும் ஆகவில்லை. ஓடினேன்.

ஷெட்டுக்குள் காலி நாற்காலிகள், ஒரு மேசை. யார்டு மேனேஜர் வைஜெயந்தி மேடம் ரெஜிஸ்டரைத் திறந்து வைத்துக்கொண்டு போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

"ஒருத்தர்கூட வரல சார். இவங்களுக்கு இஷ்டமில்ல போல. மெயின்லேண்ட்லேர்ந்தே ஆள் அனுப்பிருங்க."

"மேடம், போனை வைங்க!" என்று கத்தினேன். "முப்பது பேரு கேட்ல நிக்கிறாங்க! பாஸுக்காக!"

"கேட் திறந்துதானே இருக்கு?" என்று அவர் விழித்தார். "சரி, பத்து மணிக்கு லிஸ்ட் போயாகணும். முதல்ல நீங்க எழுதுங்க."

பேனாவை நீட்டினார். சத்தியமாக ஆசை வந்தது. உட்கார்ந்து எழுதினால் வேலை என்னுடையது. ஆனால் பத்துக்கு எட்டே நிமிஷம். நான் உட்கார்ந்து எழுதி முடிப்பதற்குள் வெளியே நிற்பவர்களுக்கு நேரம் போய்விடும். திரும்பி ஓடினேன்.

"வாங்க, உள்ள வாங்க!" ஒருவரும் அசையவில்லை. "நீ யாரு கூப்பிட?" என்று ஒருத்தர் கேட்டார். வந்தது பாருங்கள் எனக்குக் கோபம்! நாயை விரட்டிவிட்டுக் கூண்டுக்குள் ஏறி நின்று, நெஞ்சை நிமிர்த்தி, அந்தக் காலத்துக் காவல்காரர் போல, ஒவ்வொருவராகக் கார்டைக் காட்டச் சொல்லி இந்தியில் அதட்டினேன்.

"கார்டு திகாவோ! ஏக் ஏக் கர்கே! ஜல்தி!"

நாகலிங்கம் அண்ணன் விறைப்பாக நின்று கார்டை நீட்டினார். பார்த்துத் தலையாட்டி, முன்னால் போகச் சொன்னேன். "டீக் ஹை. ஆகே படோ!" கோட்டைத் தாண்டினார். தாண்டியதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் யாரையும் பிடிக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே கார்டைக் காட்டிவிட்டு ஷெட்டை நோக்கி ஓடினார்கள். எனக்கும் உடம்பெல்லாம் துள்ளியது. இருபதாவது ஆள் தாண்டியபோதுதான் என் இடம் போய்விட்டது உறைத்தது. என்ன செய்வது, மிச்சமிருந்தவர்களையும் அனுப்பினேன்.

கடைசியாக நான் ஷெட்டுக்குள் நுழைந்தபோது நாற்காலி எல்லாம் நிறைந்திருந்தது. வைஜெயந்தி மேடம் ரெஜிஸ்டரை என் பக்கம் திருப்பினார். இரண்டிலிருந்து இருபது வரை பெயர்கள். மற்றவர்களுக்கு அடுத்த மாதம் என்று தனித் தாள். முதல் வரி மட்டும் காலி. அதன் ஓரத்தில் நேரம் எழுதியிருந்தது: 9.52.

"முதல்ல உள்ள வந்தது நீங்கதானே? பேரைச் சொல்லாமலே ஓடிட்டீங்க."

நான் எட்டிப் பேனாவை எடுத்தேன். பின்னாலிருந்து நாகலிங்கம் அண்ணன்தான் கத்தினார். "சுகுணா, மேடம்! டீசல் மெக்கானிக்!"

எழுதி முடித்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டேன். அகிலா எடுத்தாள், பேசவில்லை. "அம்மா வெள்ளிக்கிழமை போகல" என்றேன். அவள் கத்திய கத்தலில் ஷெட்டே திரும்பிப் பார்த்தது. என் மகளாயிற்றே.