குருவிக்கு ஓய்வு

தொடர் ஓட்டத்தில் கடைசியாக ஓடுகிறவள் குருவி. பார்க்க ஒரு பிடிதான் இருப்பாள். பேட்டன் குச்சி கைக்கு வந்துவிட்டால் யாராலும் பிடிக்க முடியாது. அப்பேர்ப்பட்டவளுக்கு ஒரு மாதமாகக் கால் கனத்தது. பயிற்சியில் வந்த தொடை வலி மறுநாளும் விடவில்லை. சனிக்கிழமை அணித் தேர்வு.

“எனக்குத் தெரியாம தனியா ஓடுறியா?” என்றார் கோச்.

“இல்ல சார்.”

“பின்ன ஏன் உடம்பு தேறல? சனிக்கிழமை வரைக்கும் ஓடாத. வீட்ல காலை நீட்டிப் படு.”

வீட்டுச் சங்கதியை எந்த வாயால் சொல்வது? குருவி தலையாட்டிவிட்டு வந்தாள்.

இரண்டே அறை வீடு. முன்னறையில் பஸ் ஓட்டிக் களைத்த அப்பா, டிவி முன்னால். உள்ளறையில் அம்மா, தையல் மிஷினோடு. இருவரும் முகம் கொடுத்துப் பேசி ஒரு மாதமாகிறது.

“வீட்லதான இருக்க? நல்லதாப் போச்சு,” என்றாள் அம்மா. “சாப்பாடு வேணுமான்னு உங்கப்பாவைக் கேளு.”

அப்பா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “மனுசன் திங்கிற மாதிரி இருந்தா வேணும்னு சொல்லு.”

குருவி முன்பாதியை விழுங்கிவிட்டு, “வேணுமாம்” என்றாள்.

“அதுக்கா இவ்வளவு நேரம்? மறைக்காதடி. நீ அவரு கட்சி.”

திரும்பி வந்தால் அப்பாவுக்கு அவள் அம்மா கட்சி.

படுத்தாலும் காது தூங்கவில்லை. மிஷின் சத்தம் நின்றால் அம்மா ஏதோ சொல்லப் போகிறாள் என்று அர்த்தம். துப்பாக்கி வெடிக்கக் காத்திருக்கும் ஓட்டக்காரியைப் போல உடம்பு முறுக்கிக்கொள்ளும். நாள் முழுக்க இதே கதை.

சனிக்கிழமை குச்சி கைக்கு வந்தது, கால் வரவில்லை. பின்னால் வந்தவர்கள் எல்லாம் அவளைத் தாண்டிப் போனார்கள்.

கோச் திட்டவில்லை. “ஓய்வு பத்தலம்மா. இந்தத் தடவை வேற பொண்ணைப் போட்டுக்கறேன். இன்னும் ஒரு வாரம் வீட்லயே இரு.”

“வீடு வேணாம் சார். இங்கயே ஓரமா உக்காந்துக்கறேன்.”

அவர் சிரித்துவிட்டார். “மைதானத்துல யாராவது தூங்குவாங்களா? போ, போ.”

வாசலில் அவள் ஷூவைக் கழற்றும்போதே மிஷின் நின்றது.

“என்னாச்சு?” என்றார் அப்பா.

“எடுக்கலப்பா.”

அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். பிறகு உள்ளறைப் பக்கம் தலையை அசைத்தார்.

“அவகிட்டயும் சொல்லிடு.”

திறந்த கதவுக்கு அந்தப் பக்கம் அம்மா, பாதி தைத்த துணியோடு, எல்லாவற்றையும் கேட்டபடிதான் உட்கார்ந்திருந்தாள். குருவி உள்ளே போனாள்.